மூன்று கத்தித் தழும்புகள்: அயர்லாந்தின் இடைக்காலக் காசுகளோடு என் பதினான்கு மாதங்கள்

2022 மார்ச் மாதத்தில், ஆயிரம் ஆண்டுப் பழமையான டப்ளின் வெள்ளிக்காசு ஒன்று எனக்குச் சொந்தமாகப் போகிறது என்று நம்பி 1,180 யூரோ அனுப்பினேன். அந்தக் காசு வார்ப்பில் ஊற்றிய போலி என்பதும், கொடுத்த பணம் இனித் திரும்பாது என்பதும் 2023 மே மாதத்தில் முடிவாகத் தெரிந்தன. இடையில் சென்ற பதினான்கு மாதங்களில் வேறு இரண்டு தவறுகளையும் செய்தேன். வரி, கூரியர், பதிவுத் தபால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது 1,700 யூரோவுக்குச் சற்று மேல் போயிருந்தது. பணத்தைவிட, அந்த மாதங்களில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரவில் காசையும் உருப்பெருக்கியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. தொடங்கும்போதே ஒருவர் அருகில் உட்கார்ந்து நான்கு செய்திகளைச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

வேலை நிமித்தம் 2017-இல் டப்ளினுக்குக் குடிவந்தேன். முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு ஒதுங்கியதுபோல்தான் காலின்ஸ் பாராக்ஸில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. அயர்லாந்தின் ஆயிரம் ஆண்டு நாணயங்களுக்கென்று தனிக் காட்சிக்கூடம் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் வெள்ளிக்கும் பணத்துக்கும் ஒரே சொல் என்பதை அங்கேதான் படித்தேன். சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா டாலரை இன்றும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார் என்பது நினைவுக்கு வர, அந்தக் கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டேன். அன்று என்னைப் பிடித்துக்கொண்டது முக்கோணம். இங்கிலாந்து அரசர் ஜான் 1207-ஆம் ஆண்டையொட்டி அயர்லாந்துக்காக அடிக்கச் செய்த பென்னிகளில் அரசரின் முகம் ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும். அவருடைய மகன் மூன்றாம் ஹென்றியும் பேரன் முதலாம் எட்வர்டும் தங்கள் ஐரிஷ் காசுகளில் அதே முக்கோணத்தைத் தொடர்ந்தனர். எழுத்து தேய்ந்து போனாலும், அந்த மூன்று கோடுகளைக் கொண்டே காசு அயர்லாந்துக்கு உரியது என்று சொல்லிவிடலாம்.

சில ஆண்டுகள் கழித்து, நகரில் நடந்த நாணயச் சந்தை ஒன்றில் ஜானின் முக்கோணப் பென்னி ஒன்றை 110 யூரோவுக்கு வாங்கினேன். டப்ளின் அக்கசாலையில் ராபர்ட் என்பவர் பெயரில் அடித்த அந்த வகை, இடைக்கால ஐரிஷ் காசுகளில் எளிதில் கிடைக்கக்கூடியவற்றுள் ஒன்று. விலை நியாயமானது, காசும் உண்மையானது. முதல் வாங்குதல் இப்படிச் சரியாக அமைந்ததுதான் எனக்குக் கெடுதலாக முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். கையில் வாங்கிப் பார்த்து, விற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசி வாங்கியதால்தான் அது சரியாக அமைந்தது என்பதை அறியாமல், எனக்குக் கண் பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் பெரிதும் ஆசைப்பட்டது சிட்ரிக்கின் பென்னி. டப்ளினை ஆண்ட நார்ஸ் (வைக்கிங்) அரசர் சிட்ரிக், 997-ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்து அரசர் இரண்டாம் எதெல்ரெட்டின் காசுகளைப் பார்த்து அதே வடிவில் தம் பெயரில் காசு அடிக்கத் தொடங்கினார். அயர்லாந்து மண்ணில் அடித்த முதல் காசுகள் அவைதான். மைக்கேல் டோலி என்ற ஆய்வாளர் இவ்வகைக் காசுகளை ஏழு கட்டங்களாகப் பகுத்தார். முதல் கட்டக் காசுகளில் அரசர் பெயரும், காசு அடித்தவரின் பெயரும், டப்ளின் என்ற ஊர்ப்பெயரும் பெரும்பாலும் ஒழுங்காகப் படிக்கும்படி இருக்கும். சுமார் 1035-இல் தொடங்கும் மூன்றாம் கட்டத்தில் எழுத்துகள் வெறும் கோடுகளாகச் சிதைந்து, எடையும் குறைந்து, பின்பக்கச் சிலுவையின் இரண்டு கால்களுக்கிடையே ஒரு சிறிய கை வந்துவிடுகிறது. விற்பனையில் இரண்டையுமே ‘சிட்ரிக் பென்னி’ என்று அழைப்பவர்கள் உண்டு. ஆனால் முதல் கட்டக் காசுக்கு மூன்றாம் கட்டக் காசின் பல மடங்கு விலை. ஆகவே இந்த வகையில் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தக் கட்டம் என்பதே. அரசர் பெயர் அதற்கு அடுத்ததுதான்.

இந்த அளவு நான் படித்திருந்தேன். இணையத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த காசு முதல் கட்டம்தான் என்பதை நானே அடையாளம் கண்டேன். இடப்பக்கம் பார்க்கும் தலை, பின்னோக்கி முட்கள்போல் நிற்கும் முடி, பின்பக்கத்தில் விளிம்புவரை நீளும் இரட்டைக்கோட்டுச் சிலுவை, அதைச் சுற்றி டப்ளினில் காசு அடித்த ஃபேரெமின் என்பவரின் பெயர். காசின் மேல் மூன்று சிறிய குத்துத் தழும்புகளும் இருந்தன. நம்மூர் ஆசாரி பொன்னை உரைகல்லில் உரசிப் பார்ப்பதுபோல, வைக்கிங் காலத்து வணிகர்கள் வெள்ளியைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து வாங்கினார்கள். அந்தத் தழும்புகள் காசின் பழமைக்குச் சான்று என்று படித்திருந்தேன். தழும்புகளைக் கண்டதும் சந்தேகம் முழுதும் போய்விட்டது. கேட்ட விலை 1,240 யூரோ. தளத்தின் வழியாக அல்லாமல் வங்கிக்கு நேரடியாக அனுப்பினால் 60 யூரோ குறைத்துக்கொள்வதாக விற்றவர் எழுதினார். ஒப்புக்கொண்டேன். இந்த அனுபவம் முழுவதிலும் நான் செய்த பெரிய தவறு அதுதான். அந்த 60 யூரோவுக்காக, ஏமாந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு எனக்கிருந்த இரண்டு வழிகளையும், அதாவது தளத்தின் பாதுகாப்பையும் கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிடும் உரிமையையும், நானே விட்டுக்கொடுத்தேன்.

காசு வந்தபோது கூரியர்காரர் வரியாகவும் கையாளும் கட்டணமாகவும் சுமார் 290 யூரோ கேட்டார். உறையின் மேல் வெறும் ‘நாணயம்’ என்று எழுதியிருந்ததால் பொதுவான 23 சதவீத விகிதத்தில் வரி போட்டிருந்தார்கள். சேகரிப்பாளர்களுக்கான பழம்பொருள்களுக்குச் சுங்கப் பட்டியலில் 9705 என்று தனித் தலைப்பு உண்டு. புழக்க நாணயங்களுக்கான தலைப்பு வேறு. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் எந்தத் தலைப்பில் அறிவிக்க வேண்டும், அதற்கு என்ன விகிதம் என்று சுங்கத் துறையிடம் முன்கூட்டியே கேட்டு, அதை அப்படியே உறையில் எழுதும்படி விற்பவரிடம் வலியுறுத்துங்கள். 2021 ஜனவரி முதல் பிரிட்டனிலிருந்து வரும் காசுகளும் வெளிநாட்டுச் சரக்காகவே கருதப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறு மாதங்கள் அந்தக் காசை மகிழ்ச்சியோடு வைத்திருந்தேன். செப்டம்பர் மாதத்தில் காசு சேகரிப்பவர்களின் கூட்டம் ஒன்றுக்கு அதை எடுத்துச் சென்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐரிஷ் காசுகளைச் சேர்த்துவரும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் அதை ஓரத்தில் பிடித்து விளக்கின் கீழ் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, உடனே எதுவும் சொல்லாமல், “உங்களிடம் உருப்பெருக்கி இருக்கிறதா? தழும்பை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம்” என்றார். பிறகு தம் பெட்டியிலிருந்து தழும்புள்ள உண்மையான பென்னி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

பத்து மடங்கு பெருக்கத்தில் அந்த வேறுபாட்டை ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார். அவருடைய காசில் கத்தி முனை நுழைந்த இடத்தில் வெள்ளி ஒரு பக்கமாக நகத்துணுக்குபோல் எழும்பி நின்றது. அதன் அடியில் மெல்லிய நிழல் இருந்தது. காசைச் சாய்த்தால் நிழலும் நகர்ந்தது. என் காசிலும் அந்த நகத்துணுக்கு வடிவம் இருந்தது, ஆனால் அடியில் இடைவெளி இல்லை. எழும்பிய பகுதியும் அடித்தளமும் ஒரே மெழுகில் செய்ததுபோல் ஒட்டிக் கிடந்தன. அதன்பின் மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எழுத்துகளுக்கு இடையிலான சமதளத்தில் ஊசி முனையளவு வட்டக் குழிகள் இருந்தன. உருக்கிய உலோகத்தில் காற்றுக்குமிழ் விட்டுச்செல்லும் தடம் அது. ஓர் எழுத்தின் வளைவுக்குள் மணல் அளவு உருண்டை ஒன்று புடைத்து நின்றது. அச்சின் கீழ் வைத்துச் சம்மட்டியால் அடித்த காசில் உலோகம் வெளிநோக்கி இழுபட்டு எழுத்தின் அடியில் நுண்ணிய கோடுகள் தெரியும். என் காசில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. விளிம்பு முழுவதும் அரத்தால் தேய்த்த ஒழுங்கான கீறல்கள் ஓடின. தழும்புகள் பழமைக்குச் சான்று என்று நான் நம்பியிருந்தேன். போலியை வார்த்தவர் உண்மையான ஒரு காசிலிருந்து அச்செடுத்தபோது தழும்புகளும் சேர்ந்தே வார்ப்பில் இறங்கிவிட்டன.

அவர் சொன்னதை ஏற்க மனம் வராமல், வீட்டுக்கு வந்ததும் ஒப்படர்த்தி பார்த்தேன். பள்ளியில் படித்த முறைதான்: காசைக் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்து, காற்றில் உள்ள எடையை எடையிழப்பால் வகுக்க வேண்டும். தூய வெள்ளிக்கு 10.49 வரும், இக்காசுகளின் உயர்தர வெள்ளிக்கு 10.3-ஐ ஒட்டி வரும், செம்புக்கு 8.96. என் காசு 1.52 கிராம். தண்ணீரில் 0.16 கிராம் குறைந்தது, வகுத்தால் 9.5. வெள்ளி என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். என்னிடம் இருந்த தராசு நூறில் ஒரு கிராம்வரைதான் காட்டும். இவ்வளவு சிறிய காசில் வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள மொத்த வேறுபாடே நூறில் இரண்டு கிராம்தான் என்பதால், அந்தத் தராசில் வரும் விடைக்குப் பொருளே இல்லை. ஆயிரத்தில் ஒரு கிராம்வரை காட்டும் தராசு வேண்டும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி சேர்த்தால் காசில் குமிழ் ஒட்டாது. பெரியவரின் தராசில் மறுபடி நிறுத்தபோது இழப்பு 0.170 வந்தது, ஒப்படர்த்தி 8.94. உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு.

வெறும் எடையைக் கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. சிட்ரிக்கின் முதல் கட்டக் காசுகள் ஒரே எடையில் அடித்தவை அல்ல, 1.52 கிராம் என்பது நம்பத்தக்க எடைதான். ஜானின் பென்னியோ மூன்றாம் ஹென்றியின் பென்னியோ என்றால் எடை நல்ல முதல் சோதனை, ஏறத்தாழ 1.45 கிராம் என்ற அளவை ஒட்டி அடித்தவை அவை. எந்தச் சோதனை எந்தக் காசுக்குச் செல்லும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் தராசை எடுக்க வேண்டும்.

கடைசி ஐயமும் நீங்கியது பழைய ஏலப் படங்களில். இணையத்தில் ஏல நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன் விற்ற காசுகளின் படங்களையும் எடைகளையும் வைத்திருக்கின்றன. இரண்டு இரவுகள் தேடியதில், என் காசின் அதே முட்டை வடிவம், அதே இடத்தில் அதே மூன்று தழும்புகள், ஆனால் 1.41 கிராம் எடை என்று ஒரு காசு அகப்பட்டது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் எழுத்தும் உருவமும் ஒத்திருக்கும்; ஆனால் தகட்டின் வெளிவடிவமும், பிற்காலத்தில் யாரோ ஒருவர் கத்தியால் குத்திய இடமும் ஒத்திருக்க வழியில்லை. அந்தத் தேடலை மார்ச் மாதத்தில் பணம் அனுப்பும் முன் செய்திருந்தால் எனக்கு இரண்டு இரவுகள் மட்டுமே செலவாகியிருக்கும். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் 1180-க்கு முற்பட்ட காசுகளின் தரவுத்தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள டப்ளின் நார்ஸ் காசுகளை டோலி 1966-இல் படங்களோடு பட்டியலிட்டுள்ளார். நல்ல நூலகங்களில் அதைப் பார்க்கலாம். வாங்க நினைக்கும் காசின் படத்தை இவற்றில் உள்ள படங்களோடு ஒப்பிட்ட பிறகே விலை பேசுங்கள்.

செப்டம்பர் கூட்டத்துக்குப் போன அதே நாளில் இன்னொரு காசையும் கொண்டுபோயிருந்தேன். ஜூன் மாதத்தில் சந்தை ஒன்றில் 260 யூரோவுக்கு வாங்கிய முதலாம் எட்வர்டின் பென்னி அது. கார்க் நகரில் அடித்தது என்று சீட்டில் எழுதியிருந்தது. எட்வர்டின் ஐரிஷ் பென்னிகளில் டப்ளினும் வாட்டர்ஃபோர்டும் பரவலாகக் கிடைப்பவை, கார்க் அரிது. ஊர்ப்பெயர் பின்பக்கத்தில் நீண்ட சிலுவையால் நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு துண்டுகளில் நகரம் என்று பொருள்படும் ‘சிவிடாஸ்’ என்ற லத்தீன் சொல்; மூன்றாவதிலும் நான்காவதிலும் ஊரின் பெயர். கார்க் என்றால் மூன்றாம் துண்டு ‘சி’ (C) என்ற எழுத்தில் முடியும். வாட்டர்ஃபோர்டு என்றால் அது ‘ஈ’ (E) என்ற எழுத்தில் முடியும். அக்கால எழுத்தமைப்பில் ‘ஈ’ வட்டமாக, உள்ளே ஒரு சிறு குறுக்குக் கோட்டோடு இருக்கும். அந்தக் கோடு தேய்ந்துவிட்டால் எஞ்சுவது ‘சி’ போலவே தெரியும். என் காசில் அந்த ஓர் எழுத்து மட்டுமே ஓரளவு தெளிவாக இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தபோது, வளைவுக்குள் தேய்ந்த கோட்டின் அடித்தடம் மெல்ல எழுந்தது. வாட்டர்ஃபோர்டு, அந்தத் தேய்மானத்தில் 60 யூரோ பெறும். விற்றவர் நேர்மையாகவே தவறியிருந்தார். வாங்கி நான்கு மாதங்கள் கழித்து நான் போனபோதும் 100 யூரோவைத் திருப்பித் தந்தார். அரிதான ஊர் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கும்போது, அந்த ஊரை அடையாளம் காட்டும் எழுத்துகளில் குறைந்தது இரண்டு தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து விதியாக வைத்திருக்கிறேன்.

போலிக் காசின் பணத்தைத் திரும்பப் பெற எட்டு மாதங்கள் போராடினேன். விற்றவர் முதலில் நிபுணர் கடிதம் கேட்டார். கடிதம் அனுப்பியதும் 14 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார். பிறகு பதிலே இல்லை. தளத்தார், பணம் தங்கள் வழியாக வரவில்லை என்பதால் தலையிட முடியாது என்று எழுதினார்கள். என் வங்கி, நானே விரும்பி அனுப்பிய தொகை என்றது. மே மாதத்தில் கடைசிக் கடிதம் வந்த அன்றுதான் வீட்டில் சொன்னேன். என் மனைவி கோபப்படவில்லை. “என்னங்க, இத்தனை நாளா இதை வெச்சிக்கிட்டா தூங்காம இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். செப்டம்பரிலேயே சொல்லியிருக்கலாம்.

இடையில் செய்த மூன்றாவது தவறைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசராகும் முன் அயர்லாந்தின் பிரபுவாக இருந்த காலத்தில் ஜான் அடிக்கச் செய்த டப்ளின் அரைப்பென்னி ஒன்று என்னிடம் இருந்தது. 140 யூரோ கொடுத்தது. கறுத்திருக்கிறதே என்று நகை துலக்கும் திரவத்தில் அரை நிமிடம் முக்கினேன். எண்ணூறு ஆண்டுகளாகப் படிந்த களிம்பு போய், வெறும் வெள்ளி பளபளத்தது. களிம்பு மறைத்திருந்த அரிப்புப் புள்ளிகள் எல்லாம் வெளியே வந்தன. பிறகு அதை 40 யூரோவுக்கு விற்றேன். பழங்காசைத் துலக்காதீர்கள், மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுவதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

2023 பிப்ரவரியில் நடந்தது வேறு வகை. சந்தைக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு குரோட்டுகளை (நான்கு பென்னி மதிப்புள்ள வெள்ளிக்காசுகளை) காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கிரீடங்கள் தெரிந்தன. 1480-களில் மூன்றாம் ரிச்சர்டு, ஏழாம் ஹென்றி காலத்து ஐரிஷ் காசுகளின் அடையாளம் அது. மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 120 யூரோ கேட்டார். சந்தையில் ஒன்றே அதற்கு மேல் போகும். எங்கே கிடைத்தது என்று கேட்டபோது அப்பாவின் வயலில் என்றார். ஏமாந்த பணத்தில் கொஞ்சம் மீட்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை. ஆனால் அயர்லாந்துக் குடியரசில் மண்ணிலிருந்து கிடைக்கும் உரிமையாளர் தெரியாத தொல்பொருள் அரசுக்கே சொந்தம். 1980-இல் டெரினாஃப்லன் என்ற இடத்தில் உலோகங்காட்டிக் கருவியால் வெள்ளிக் கிண்ணம் உள்ளிட்ட புதையல் ஒன்று எடுக்கப்பட்டு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, அரசுக்குச் சாதகமாக முடிந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் அக்கருவியால் தொல்பொருள் தேடுவது குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் உரிமையை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. அன்றிருந்த விதிப்படி, கிடைத்த பொருளை 96 மணி நேரத்துக்குள் தேசிய அருங்காட்சியகத்துக்கோ காவல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். அந்தக் குரோட்டுகளை வாங்கியிருந்தால் பணமும் போய்க் குற்றமும் சேர்ந்திருக்கும். அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, எந்த வயலில், என்ன ஆழத்தில், எவற்றோடு கிடந்தன என்ற செய்தி அந்தத் தகரப் பெட்டியிலேயே அழிந்துபோனது. அருங்காட்சியகத்தில் தெரிவித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஈர மண்ணோடு வரும் காசை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எந்தக் காசானாலும் முந்தைய உரிமையாளர், ஏலம், ஆண்டு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள்.

விலை மதிப்பிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் நான் நெடுநாள் தவறாகவே எண்ணியிருந்தேன். விலைப்பட்டியல் நூலில் உள்ள எண்ணை என் காசின் மதிப்பாக எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்த்து மகிழ்வேன். அந்த எண், அந்தத் தரத்தில் அச்சு நன்றாகப் பதிந்த காசை வணிகர் ஒருவர் விற்கும் விலை. நாம் விற்கும்போது நம் கைக்கு வரும் விலை அல்ல. ஏலத்தில் வாங்கினால் கடைசியாகக் கேட்ட விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கு அதிகமோ வாங்குபவர் தர வேண்டும். விற்பவரிடமிருந்தும் தரகு பிடிப்பார்கள். அதனால் ஒரே காசை வாங்கி மறுநாளே விற்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்துக்கொண்டுதான் இப்போது கணக்கிடுகிறேன். ஐரிஷ் காசுகளுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. நான்காம் எட்வர்டு காலத்துக் குரோட்டுகள் பெரும்பாலும் ஓரம் வெட்டப்பட்டவை. அவற்றின் பின்பக்கத்தில் வெளிவட்டத்தில் இறைவேண்டலும் உள்வட்டத்தில் ஊர்ப்பெயரும் இருப்பதால், ஓரம் போனாலும் டப்ளினா, ட்ரோஹெடாவா, ட்ரிம்மா என்று படித்துவிடலாம்; ஆனால் முகப்பில் அரசர் பெயர் விளிம்பிலேயே இருப்பதால் போய்விடும். ஊர் தெரிந்து அரசர் பெயர் தெரியாத காசுக்கு முழுக்காசின் விலையைக் கொடுக்கக் கூடாது. மூன்றாம் ஹென்றிக்காக டப்ளினில் 1251 முதல் 1254 வரை அடித்த பென்னிகள் எண்ணிக்கையில் மிகுதி. ரிக்கார்டு, டேவி என்ற இருவர் பெயரில் வருபவை. பழமையைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். எண்ணூறு ஆண்டுப் பழமை மட்டும் விலையாகாது. எத்தனை எஞ்சியுள்ளன, எழுத்து எவ்வளவு தெரிகிறது, இதற்கு முன் எங்கே இருந்தது என்ற மூன்றையும் கேட்டுத்தான் இப்போது நான் விலை சொல்கிறேன்.

2024-இல் மறுபடி ஒரு டப்ளின் நார்ஸ் காசு வாங்கினேன். இம்முறை மூன்றாம் கட்டம், 240 யூரோ, நேரில் பார்த்து, பெரியவரின் தராசில் நிறுத்து. ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. எழுத்தாகப் படிக்க ஒன்றுமில்லை, வெறும் கோடுகள்தான். ஆனால் சிலுவைக் கால்களுக்கிடையே ஐந்து விரல்களோடு அந்தச் சிறிய கை அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கூடவே, முந்தைய உரிமையாளர் மையில் எழுதிய மஞ்சளேறிய சீட்டு ஒன்றும் வந்தது. யாரிடமிருந்து, எந்த ஆண்டில், என்ன விலைக்கு வாங்கினார் என்று அதில் இருக்கிறது. அதன் கீழே என் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

போலியை விளிம்பில் ஆழமாக அரத்தால் வெட்டிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். புதியவர்களுக்குக் காட்ட அவர் ஒரு தட்டு வைத்திருக்கிறார். ஆனால் அந்த வார்ப்பிலிருந்து வந்தவை வேறும் இருக்கின்றன. சென்ற மாதம் இன்னொருவர் அதே காசை 1,250 யூரோவுக்கு இணையத்தில் வைத்திருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் விற்பனைப் பக்கம் மறைந்தது, காசு எங்கே போயிற்று என்று தெரியாது. ஆகவே அடையாளத்தை இங்கே எழுதிவைக்கிறேன். முகப்பில் பின்மண்டைக்குப் பின்னால், முடியின் இரண்டாவது முள்ளுக்கு நேராக, பிறைபோல் இரண்டு தழும்புகள் அருகருகே இருக்கும். பின்பக்கத்தில் சிலுவையின் வலக்காலுக்கும் கீழ்க்காலுக்கும் நடுவே, மையத்தை ஒட்டி, ஒன்று. தகடு வட்டமாக இல்லாமல் மேல் வலப்புறம் சற்று நீண்டிருக்கும்.